கீல்வலி

நாற்பது நாள் தவணை கொடுத்திருந்தார்களாம்.
செத்தவருக்கு எங்களிடம் முப்பத்தொன்று.
அதைவிட ஒன்பது நாள் கூடுதலாகவே
கிடந்திருக்கிறது எங்கள் பெயர்,
எட்டிப் பார்க்க ஆளில்லாமல்.

கீழ்வழி.
பீல் ரயில் நிலையத்துக்கு அடியால்
ஏரிப் பக்கம் போகும் சுரங்கப் பாதை.
தொண்ணூற்றொன்பது மாரி.
மிருஷேயின் தகப்பன் குசினித் தரை மாற்றியபோது
கழற்றி எறிந்த லினோலியத்தை
சுருட்டித் தோளில் வைத்து
நாலு பேர் காவி வந்தோம்.
விரித்தோம்.
தலைகீழாய் நின்று
வேலை முடிந்து போகிறவர்களின்
சப்பாத்துகளைப் பார்த்தோம்.

சரித்திரம் படித்தவன் யானிக் ஒருவன்தான்.
சொல்வான்:
பாட்டுக்காரன் ஓய்கிற இடம் ஒன்று உண்டு,
வெறும் மேளம், ஏழெட்டு வினாடி.
ஆடுகிறவர்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.
அது போதாதென்று புரோங்ஸில் ஒருவன்
அதே இசைத்தட்டில் இரண்டு வாங்கி,
இது முடியுமுன் அதை
அது முடியுமுன் இதை
விரலால் பின்னுக்கு இழுத்து இழுத்து
சாகவிடாமல் வைத்திருந்தான்.
அவ்வளவுதான் ஹிப் ஹாப், மிச்சமெல்லாம்
அதற்குப் பிறகு வந்த பேச்சு.

நாங்கள் தலையாட்டினோம்.
எங்களிடம் ஒரே ஒரு சுழல்தட்டு,
அதுவும் இடது பக்கம் ஊமை.

இணையத்தில் பெயர் வாங்குவோம் என்றதும் யானிக்தான்.
சரி, ழகரத்துக்கு என்ன செய்வது?
இஸட் எச் என்றேன் நான்.
மூன்று பேரும் ஒன்றாய்க் கத்தினார்கள்:
அது சூரிச் கார்களின் நம்பர் தகடு!
பேர்ன் மாநிலத்துப் பிள்ளைகள்
அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிவதா?
கடைசி ட்ரொலிபஸ் போகும்வரை சண்டை.
இரண்டு ழகரத்துக்கும் ஒற்றை எல் என்று முடிந்தது.
பிரணவரூபன் வாசித்துக் காட்டினான்:
கீல்வலி.
மூட்டு நோவுக்குத் தைலம் விற்கிற பெயரடி இது,
என்று தரையில் விழுந்து சிரித்தான்.
பதினெட்டு வயதில்
மூட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

பதினொரு பாட்டு ஏற்றினோம்.
பேர்ன் ஜெர்மனில் யானிக்,
பிரெஞ்சில் மிருஷே,
இரண்டிலும் இடறி, ரோசம் வந்தால் தமிழில் ரூபன்.
நான் பாடவில்லை. முழங்காலில் சுழன்றேன்.

வருஷம் பதினைந்து பிராங்.
யானிக் கட்டுகிறான் என்று நான் இருந்தேன்,
நான் கட்டுகிறேன் என்று யானிக்.
உண்மையில் கட்டிக்கொண்டிருந்தது
டொரண்டோவில் சுவர் பூசும் ரூபனின்
ஒரு பழைய அட்டை.
அது காலாவதியானது அவனுக்கே தெரியாது.
நினைவூட்டல்கள் எல்லாம்
அந்தப் பெயரில் இருந்த அஞ்சல் பெட்டிக்கே போயிருக்கின்றன,
கடவுச்சொல் ஒருவருக்கும் ஞாபகமில்லை.
சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய வீடு.

நேற்று இரவு டிப்போவில்
வண்டியை நிறுத்திவிட்டுத் தட்டிப் பார்த்தேன்.
மெத்தை விற்கிறார்கள்.
எழுபது வீதக் கழிவு.
ஒரு பெண் சிரித்தபடி தூங்குகிறாள்.
எனக்குக் கோபம் வரவில்லை, விசித்திரம்தான்.
விலையைக்கூடப் பார்த்தேன்.

மிருஷேக்கு எடுத்தேன்.
ஒரு கசெட் இருக்கிறதாம்.
முக்கால்வாசிக்கு மேல் அவள் தாய்
ஃப்லியாவுக்கு மாவு ஊற்றும் பக்குவத்தை
அல்பேனிய மொழியில் பதிந்துவிட்டாள்.
முதல் பாட்டு மட்டும் தப்பியிருக்கிறது.
தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள்.
ரூபன் வரி மறந்து மூச்சு வாங்குகிற இடம்,
அடியில் மேளம்,
ஐந்து வினாடி இருக்குமோ என்னவோ.
திரும்பப் போடு என்றேன்.
திரும்பப் போட்டாள்.
திரும்ப.

இஸட் எச் போட்டுத் தேடிப் பார் என்றாள்.
தேடினேன், இரண்டு ழகரத்தையும் முழுசாய் வைத்து.
காலி.
இருபத்தைந்து வருஷமாய் ஒருத்தருக்கும் வேண்டாத பெயர்.
ஐயோ, சூரிச்காரர் ஆகிவிடுவோமே என்றாள்.
அட்டை எண் கேட்டது திரை.
இடைவேளை முடிய நாலு நிமிடம்.
அட்டை கிடக்கிறது வண்டிக்குள்,
குளிர்ச்சட்டைப் பையில்.
ஓடினேன்,
அந்த முழங்காலோடு.